ஹெடர் ஃபைலில் நிறம் இல்லை

எங்கள் ஆபீஸில் புரோகிராம் எழுதும் எடிட்டர் மென்பொருளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினோம். மற்ற ஃபைல்களைத் திறந்தால் நீலம், பச்சை, சிவப்பு என்று எழுத்துக்கள் வகைவகையாகப் பிரிந்து தெரியும். ஹெடர் ஃபைலைத் திறந்தால் மட்டும் எல்லாம் ஒரே சாம்பல். புரோகிராமில் வரப்போகும் பெயர்களையெல்லாம் முன்கூட்டியே அறிவித்து வைக்கிற ஃபைல் அது. அதில் ஒரு வரி பிசகினாலும் மொத்தமும் கவிழ்ந்துவிடும் என்பதால் யாரும் தனியாகத் தொடுவதில்லை. மீட்டிங் அறையின் பெரிய திரையில் போட்டு, எல்லாருமாக உட்கார்ந்து திருத்துவோம்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். செட்டிங்ஸைத் தோண்டிப் பார்த்தேன். ஹெடர் ஃபைலுக்கு நிறம் போடாதே என்று யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். அந்த செட்டிங்ஸ்தான் எல்லார் கணினிக்கும் போகிறது. வரியை அழித்தேன், நிறம் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் சாம்பல். எல்லாரும் பயன்படுத்துகிற பொது லாகினில் வந்து யாரோ அந்த வரியைத் திரும்ப எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சுடறேன்" என்று அண்ணனிடம் பொருமினேன்.

அண்ணன் என் கூடப் பிறந்தவன், ஆபீஸிலும் பக்கத்து மேஜை. என்னை இங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். "விடும்மா. நிறம் இல்லாட்டி எழுதவே முடியாதா என்ன?" என்றான். எது நடந்தாலும் அலட்டிக்கொள்ளாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மீட்டிங் தொடங்குவதற்குச் சற்று முன்னால் போய் வரியை அழித்தேன். திரையில் நிறங்கள் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பாடா, இப்பதான் கண்ணே தெரியுது" என்றார் டீம் லீடர். மவுஸ் அண்ணன் கையில் இருந்தது. "அந்த சிவப்பு வரியைத் தூக்கிடுப்பா."

அம்புக்குறி மேலே போனது, கீழே வந்தது. "எதுங்க சார்?"

"பளிச்சுனு தெரியுதேப்பா!"

அண்ணன் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தான். அது பச்சை. ஏதோ விளையாடுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் ரத்தம் வழிய எழுந்து நின்றபோதும் அவன் இப்படித்தான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அவனை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அந்த வரியை எழுதினது நீயாண்ணா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "ஆமாம்மா. கண் நரம்பு வாடிக்கிட்டே வருதாம். முதல்ல நிறம் போகும்னாரு டாக்டர். போயிடுச்சு. மிச்சமும் போயிடும்னாரு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. மத்த ஃபைலெல்லாம் தனியா உக்காந்து படிச்சுப் படிச்சு சமாளிச்சுடறேன். இது எல்லார் முன்னாடியும் நடக்குது. வாயைத் தொறந்தா சிவப்பு, பச்சைங்கறாங்க. எல்லாருக்கும் நிறம் போயிட்டா, வரி நம்பர் சொல்லித்தானே பேசியாகணும்?" படியில் உட்கார்ந்துகொண்டான். "இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

யார் தோலை உரிப்பதாக யாரிடம் சொல்லியிருக்கிறேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக, இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கவனிக்காத என் மீது ஆத்திரம் வந்தது.

"நான் பாத்துக்கறேன். மூஞ்சியைக் கழுவிட்டு வா" என்றேன்.

மீட்டிங் அறை காலியாக இருந்தது. நான் அழித்த வரியை நானே திரும்ப எழுதினேன். பெரிய திரை முழுக்க ஹெடர் ஃபைல் சாம்பலாகிவிட்டது. லீடர் வந்து கத்துவார். இது எடிட்டர் கோளாறு, என்னால் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். எத்தனை நாளைக்கு அது செல்லும் என்று தெரியவில்லை.

எல்லாருக்கும் முன்னதாக அண்ணன் வந்தான். திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"இன்னும் நிறத்தை எடுக்கலையா? எல்லாரும் வந்துடுவாங்கம்மா, சீக்கிரம்."

"எடுத்துட்டேண்ணா" என்றேன்.