கால்வாய்த் தெருவின் நான்கு டிகிரி

‘ஏப்ரல் 12, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. கால்வாய்த் தெருவில் வெப்பமானிக்கு பேட்டரி வாங்கிய கையோடு, இரண்டு மணிக்கு அங்கேயே அளவெடுத்துவிட்டேன். என் வரிசையில் அது பன்னிரண்டாவது, கடைசி இடம். வரிசை தப்பியதால் அடித்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி எடுத்தேன்.’

ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டது. புவியியல் துறையின் மாணவர் ஆய்விதழில் மாலை வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை வருவது இதுதான் முதல் தடவை. நாளை அச்சுக்குப் போகிறது. தன் கட்டுரையின் அச்சு மெய்ப்பில் தேதிகளை ஒத்துப்பார்க்கத்தான் டைரியைப் புரட்டினாள்.

அடித்திருந்த எண் 40. ஐந்து மணிக்கு எடுத்தது 36. பேருந்து நிலையத்தைவிடக் கால்வாய்த் தெரு நான்கு டிகிரி குளிர்ச்சி, காரணம் தண்ணீர் என்பதுதான் கட்டுரையின் உயிர்.

அப்போதுதான் உறைத்தது. மருந்துக்கடையில் காலை வேலை முடிந்ததும், இருபது நாளும் வரிசை பிசகாமல், இரண்டு மணிவாக்கில் பேருந்து நிலையத்தில் தொடங்கி ஐந்து மணிக்குக் கால்வாயில் முடித்திருக்கிறாள். ஐந்து மணிக்கு எந்தத் தெருதான் ஆறாது? தண்ணீர் செய்த வேலையா, பொழுது சாய்ந்த வேலையா? வரிசை வரிசை என்று கட்டிக்கொண்டு அழுததே காலை வாரிவிட்டது.

அடுப்படிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். மறுபடி போனாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கினான். “ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறே?”

சொன்னாள்.

“யாராவது கேட்டாங்களா?”

“இல்ல. இதழ்ல மூணு பேர் படிச்சாங்க. யாருக்கும் தெரியல.”

“அப்புறம் நீயே ஏன் வாயக் குடுக்கறே? நான் வேற வேலை செய்யற இடமெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். மேனேஜர் ஒரு புத்தகம் கேட்டிருக்காரு.”

“லிஃப்ட்ட சரி பண்ணிட்டு மேல போகுதான்னு மட்டும் பாத்துட்டு வந்துடுவியாண்ணா? கீழ எறங்குதான்னு பாக்க மாட்டே?”

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். “பாப்பேன்,” என்றான், வேண்டாவெறுப்பாக.

இதழாசிரியனை போனில் பிடித்தாள். பகல் வகுப்புப் பையன். அவளைவிட ஐந்து வயது இளையவன். அவள் சொல்லி முடித்ததும் பெருமூச்சு கேட்டது.

“ஏன்க்கா, பந்தியில உக்காந்த பிறகா இலை ஓட்டைன்னு சொல்லுவாங்க?”

“இப்பத்தான் தம்பி தெரிஞ்சுது.”

“அதே வரிசையத் தலைகீழா நடந்து அளந்தா தெரிஞ்சுடும். ஆனா நாலு நாள் அளவாவது வேணும். அச்சகத்துல கெஞ்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாங்கறேன். உங்க முடிவு நிக்கலேன்னா பக்கத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கணும். அடுத்த இதழ் அடுத்த வருஷம்தான். அப்ப…”

“அப்ப நான் மாணவியா இருக்க மாட்டேன். தெரியும்.”

போனை வைத்த பிறகும் மனசு அடங்கவில்லை. நான்கில் ஒரு டிகிரியாவது மிஞ்சுமா? எழுந்தாள், உட்கார்ந்தாள், மெய்ப்பைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுதினாள்.

‘மே 28, திங்கள். நாளை இரண்டு மணிக்குக் கால்வாய்த் தெருவில் தொடங்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு. ஐந்து மணிக்குப் பேருந்து நிலையம்.’