பூஜ்யத் தண்ணீர்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து அக்காவுக்கு ஒல்லி மேல் மூன்று வாரமாகச் சந்தேகம். வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்து வருபவன் அவன். அவன் மச்சானோ சாயப்பட்டறையில் மேஸ்திரி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

தெருவே தண்ணீரில் சாயம் என்கிறது. அக்காவின் மகன் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கிறான். கருவி மட்டும் தினமும் 'சாயம் இல்லை' என்கிறது. வழியில் பாட்டிலை மாற்றாமல் இது எப்படி நடக்கும்?

கருவியைக் குறை சொல்ல முடியாது. அதில் புதிதாகப் போட்ட கண்ணாடிக் குழாய் மயிரளவு மெல்லிசு, நீட்டினால் ஆள் உயரம். அந்த நீளம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே வெளிச்சம் ஓடும். துளிச் சாயம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் சுத்தத் தண்ணீரை விட்டு, இதுதான் பூஜ்யம் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரையும் ஒல்லிதான் கொண்டுவந்து வைப்பதாக இருந்தது. திருடன் கையில் சாவியா? மூன்று வாரத்துக்கு முன், குழாய் போட்ட அன்றே, அக்கா அந்த வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இன்று காலை மேலதிகாரியிடம் புகாரும் கொடுத்தாள். மதியத்துக்குள் ஒல்லியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவன் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, பூஜ்யத் தண்ணி எங்க பிடிக்கிறீங்க?"

"பில்டர் குழாயில. பழைய கண்ணாடிக் குழாய்க்கு எல்லாரும் அதைத்தானே விட்டோம்?"

"அது விரல் நீளம்க்கா, ஒண்ணும் தெரியாது. இது ஆள் நீளம். நானா இருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணிதான் வெச்சிருப்பேன். பில்டர் மண்ணைத்தான் பிடிக்கும். அதுல வர்றதும் ஊர்த் தண்ணிதானே?"

அவன் போய்விட்டான். அக்கா காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுப் பூஜ்யம் வைத்தாள். பிறகு அவன் காலையில் கொண்டுவந்த தண்ணீரை விட்டாள். எண் மளமளவென ஏறியது. பில்டர் தண்ணீரை விட்டாள். அதே எண். மூன்று வாரமாகச் சாயத்திலிருந்து சாயத்தைக் கழித்துவிட்டுச் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பாவி.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பையனுக்குக் குழாய்த் தண்ணி குடுக்காதீங்க."

"ஏன்?" என்றான் கணவன். "நீ சுத்தம்னு கையெழுத்துப் போட்ட அன்னிக்கே நான் கேன் தண்ணி வாங்குறதை நிறுத்திட்டேனே."