தோலுக்கடியில் ஓர் உறுமல்

கணவன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்த விபத்து மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். தேநீரை வைத்துவிட்டு, வழக்கம்போல அவன் கையை லேசாகத் தடவினாள் மனைவி. தடவிய விரல் அப்படியே நின்றுவிட்டது. அவன் தோலுக்கடியில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"என்னங்க, உங்களுக்கு உடம்பு உதறுதா?"

"நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். ஏன்?"

அழுத்திப் பிடித்தால் ஒன்றுமில்லை. விரல் நுனியால் தடவினால் மட்டும், மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதுபோல ஓர் அதிர்வு. அவன் படுத்துத் தூங்கும்போது தொட்டுப் பார்த்தாள். அதிர்வே இல்லை, எப்போதும்போல அவளுடைய கணவன்தான். மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் அது திரும்பி வந்துவிட்டது.

"டாக்டர் கிட்ட காட்டலாங்க."

"வயசாகுதுல்ல, இஞ்சின் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்" என்று அவன் சிரித்தான். அவளோ அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே உட்கார்ந்திருப்பது அவன்தானா என்றுகூட ஒருமுறை நினைத்துவிட்டாள்.

ஐந்து வயது மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நாற்காலிமேல் ஏறி நின்று, கன்னத்தைத் தடவி, "அப்பாவுக்குள்ள பூனை இருக்கு" என்பாள்.

ஒருநாள் குளித்த ஈரம் துடைக்காமல், வெறுங்காலோடு ஓடிவந்தாள். அப்பாவை எட்டிப் பிடிக்கப் போன கை, கணினியின் உலோக மூடியில் பட்டது. வெடுக்கென்று பின்னால் விழுந்தாள். அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

தாய் வாரி எடுத்து மார்போடு அணைத்தாள். குழந்தை மெல்ல மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "பூனை கடிச்சிருச்சும்மா."

கணவன் எழுந்து சுவிட்சை அணைத்தான். மடிக்கணினி சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மூன்று முள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சுவரில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறதென்று, தடித்த மூன்றாவது முள்ளை அவனே ரம்பத்தால் அறுத்திருந்தான். "ஓடுதுல்ல, அது போதும்" என்று அவன் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"கசியிற கரண்ட் தரைக்குப் போறதுக்குத்தான் அந்த முள்ளு" என்றான். "அந்த வழிய நான் அறுத்துட்டேன். கணினியோட உலோகம் வழியா என் உடம்புல ஏறித்தான் அது உறுமியிருக்கு. நான் செருப்புப் போட்டிருந்தேன், தப்பிச்சேன். ஈரக்காலோட இவ வந்தா, இவ வழியா இறங்கப் பாத்திருக்கு. அலட்சியத்தால வந்த விபத்துன்னு எழுதி எத்தனை பேர் மனுவைத் தள்ளியிருக்கேன் தெரியுமா?"

அவள் அவன் கையைத் தடவினாள். தோல் அமைதியாக இருந்தது.

"உங்களுக்குள்ள உறுமினது நம்ம அலட்சியம்தாங்க. இத்தனை நாளா அதைத் தடவிப் பாத்துட்டு நானும் சும்மா இருந்திருக்கேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த் கம்பி இழுத்து, மூணு ஓட்டை சாக்கெட் போட்டு, மூணு முள்ளு உள்ள புது ஒயரும் வாங்குங்க. அதுவரைக்கும் இந்தப் பிளக்கு சுவத்துல ஏறக் கூடாது. ஒரு பொருள் ஓடுதுங்கிறதுக்காக அது ஆபத்தில்லைன்னு ஆயிடாது."

குழந்தையின் பாதம் இன்னும் ஈரமாகவே இருந்தது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள்.