கணைச் சூடு

விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போனதும் ஐயாசாமி டிஸ்பென்சரியைத் திறப்பான். அடுப்பை மூட்டி, ஊசியைப் பாத்திரத் தண்ணீரில் கொதிக்கவிடுவான். காய்ச்சலுக்கான கொயினா புட்டிகளைத் துடைத்து வைப்பான். சிங்கப்பூரில் படித்துவிட்டுப் பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக வந்தவன். மனைவி சொர்ணம் போன மழைக்காலத்தில் மூச்சு இழுப்பில் செத்துப்போனாள். அதற்குப் பிறகும் இந்தக் காலை வேலை மாறவில்லை.

அன்றைக்குக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தவன் காளியப்பக் கங்காணி. கக்கத்தில் சின்ன மகள் அங்கம்மா. பின்னால் அவன் பெண்சாதி கருப்பாயி, கிழிந்த உதட்டில் ரத்தம் வழிய.

"புள்ளைக்குக் கணை, நெஞ்சு கட்டி மூச்சு முட்டுது. நெஞ்சுல சூடு போடணும். இந்த முண்டை அடுப்புல தண்ணிய ஊத்திட்டா, உதை வாங்கிக்கிட்டா. ஒன் அடுப்பாச்சும் எரியுதே."

இடுப்பிலிருந்த பால்சீவும் கத்தியை எடுத்து நெருப்புக்குள் செருகினான்.

ஐயாசாமி குழந்தையின் சட்டையை விலக்கினான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போயிற்று. விலாவுக்கு நடுவே தோல் ஒட்டியது. மூச்சை விடும்போது சீழ்க்கை அடித்தது. காய்ச்சல் இல்லை.

"முன்னாடி வந்திருக்கா?"

"அடிக்கடி வரும் சாமி," என்றாள் கருப்பாயி. "ரப்பர் காயவைக்கிற புகைவீட்டுல நெருப்பு வச்சா ராத்திரியெல்லாம் இருமும். விடிஞ்சா ஓடியாடும். நடிக்குதுன்னு இவரு அறைவாரு. எங்கண்ணனுக்கும் சின்னதுல இப்படித்தான்."

"கணை இல்ல கங்காணி, இழுப்பு. சுட்டா செத்துரும்."

காளியப்பன் சிரித்தான். "இழுப்புக்கு நீ வைத்தியம் பாத்த லட்சணம் தெரியாதா? குழி வெட்டுனதே நாங்கதானே."

ஐயாசாமி ஊசியை எடுத்து மருந்தேற்றித் தட்டில் வைத்தான். சொர்ணம் போன பிறகு தோட்டத்துத் தொரையிடம் சண்டை போட்டு வரவழைத்த இழுப்பு மருந்து அது.

அதற்குள் காளியப்பன் பிள்ளையைப் பெஞ்சில் மல்லாத்தி, தொடைமேல் முழங்காலை ஊன்றிவிட்டான். பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. கருப்பாயி அவன் தோளைக் கடித்தாள். அவன் உதைத்த உதையில் அலமாரியோடு சரிந்தாள், புட்டிகள் நொறுங்கின. சிவந்த கத்தி இறங்கியது. ஐயாசாமி இடக்கையைக் குறுக்கே நீட்டினான். புறங்கை பொசுங்கி நாறியது. வலக்கையால் கொதிக்கும் பாத்திரத்தை இழுத்து அவன் முதுகில் கவிழ்த்தான். அலறி விழுந்தவனின் முகத்தில் அதே பாத்திரத்தால் அடித்தான். பல் தெறித்தது. அவன் அசையாமல் கிடக்கும் வரை அடித்தான். கோபம்கூட வரவில்லை.

பிறகு ஊசி போட்டான்.

பிள்ளையின் சீழ்க்கை மெல்லத் தணிந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. தண்ணீர் கேட்டு அழுதது. எழுந்து வந்த கருப்பாயி மகளைத் தூக்கித் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி பெஞ்சில் கிடத்தப் போனாள்.

"வேணாம். நிமிர்த்தி மடியில வச்சுக்க," என்றான்.

சொர்ணம் கடைசியில் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று கூலியாட்கள் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அவன் மறுத்ததில்லை. அவள் பேர் சொல்லவில்லை. அவன் படுக்க வைக்கையில் அவள் சொன்னது இதுதான்:

"படுக்க வைக்காதீங்க. உக்காந்தாத்தான் மூச்சு வருது."