பதினோராம் பக்கம்

இரண்டு புத்தகங்களைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு சைராகுல் ஒரு மிடறு தேநீர் குடித்தாள். மூன்றாவது புத்தகம் மேசைமேல் கிடந்தது. அதை எழுதிய இஷென்பெக் எதிரே இரண்டாவது வரிசையில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோச்கோரிலிருந்து காலையில் பேருந்தில் வந்திருந்தார். இதற்கு முன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

நரின் நகர நூலகத்தில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை யாராவது ஒருவர் தாம் அண்மையில் படித்ததைப் பற்றிப் பேசவேண்டும். பெரும்பாலும் அது சைராகுல்தான். மருந்துக்கடையில் வேலை, ஆள் வராத நேரமெல்லாம் மடியில் ஒரு புத்தகம் திறந்திருக்கும். பால் திரிந்திருப்பதை முகர்ந்தே சொல்வதுபோல, எழுத்து எந்த இடத்தில் கெட்டது என்று சொல்லிவிடுவாள் என்று நூலகர் பெர்மெத் எல்லோரிடமும் பெருமையடிப்பாள். இன்றும் முதல் நாவலைப் பற்றி, "எழுதினவரு தன்னோட ஆளுங்கள ஒரு வேளகூட பட்டினி போடல. அதான் கத நகரல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். இரண்டாவது, பயண நூல். "ஊர் ஊரா போறாரு, ஒருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கல" என்றாள். தன் குரல் இத்தனை சாதாரணமாக வருவது அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்றாவதின் முதல் கதையை செவ்வாய்க்கிழமை கடையில் வைத்துத்தான் படித்தாள். டோலோன் கணவாயில் பனி கொட்டும் ஒரு பிற்பகல். லாரி ஓட்டுநர் ஒருவர் சாலையோரம் கையாட்டும் ஆளைப் பார்க்கிறார். நிறுத்தாமல் போகிறார். அந்த ஆளின் மணிக்கட்டில் குழந்தையின் மஞ்சள் கோட்டு ஒன்று கட்டியிருக்கிறது. அந்த வரியில் சைராகுல் புத்தகத்தை மூடினாள். இருமல் மருந்து கேட்டு வந்த கிழவருக்குக் கண்சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவன் தாலாய் அந்தக் கணவாயில், நின்றுபோன காருக்குப் பக்கத்தில் உறைந்து செத்தான். மகளுக்கென்று பிஷ்கேக்கில் வாங்கிய மஞ்சள் கோட்டின் கையைத் தன் மணிக்கட்டில் முடிச்சிட்டிருந்தான். அவிழ்க்க முடியாமல் வெட்டித்தான் எடுத்தோம் என்று சொல்லி போலீஸ்காரர் அதை அவளிடம் கொடுத்தார். அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, மகளிடம்கூட. அன்றைக்கு அந்த வழியாக ஒரு வண்டியும் வரவில்லை என்றுதான் ஊர் சொன்னது. யாரும் வரவில்லை, அதனால் யார்மீதும் கோபப்பட வேண்டியதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலத்தையும் ஓட்டியிருந்தாள்.

"அண்ணன் பனிய வர்ணிக்கவே இல்ல" என்று தொடங்கினாள். "கதைல ஓட்டுநரு கண்ணாடிய தொடைக்கிறாரு, கியர் மாத்துறாரு, காலு மரத்துப்போகுது. அவ்வளவுதான். முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு பனிய அப்படித்தான் பாப்பாரு. படிக்கிறப்ப எனக்கு வெரல் விறைச்சுப்போச்சு."

இஷென்பெக் கூச்சத்தோடு தலையாட்டினார்.

"பதினோராம் பக்கத்துல மனசு கேக்காம வண்டிய திருப்புறாரு. வந்து பாத்தா அந்த ஆள் இல்ல. வேற வண்டில ஏறிட்டான்னு நிம்மதியாகுது. அந்தப் பக்கத்துல மட்டும் பனி ஆட்டுக்குட்டி ரோமம் மாதிரி மெத்துனு விழுது. வெயில் வேற அடிக்குது. கண்ணாடிய யாருமே தொடைக்கல." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அது நீங்க பாத்தது இல்லண்ணே. நீங்க திரும்பல."

பெர்மெத் பாதி எழுந்தாள். "சைரா, கததானேடி."

"கதைய பத்திதான் பேசுறேன்."

யாரோ ரொட்டியை மெல்வதை நிறுத்தினார்கள். இஷென்பெக் தொப்பியின் விளிம்பைத் திருகினார். "அந்தச் சரிவுல பிரேக்க மிதிச்சா லாரி பள்ளத்துல கெடக்கும் தங்கச்சி."

"அது ஒம்பதாம் பக்கம். அத நான் நம்புறேன். கீழ சமதரை வந்திருக்குமே?"

"வந்துச்சு. நிறுத்தினேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சிகரெட் நேரம்."

"எறங்குனீங்களா?"

அவர் தலை அசைந்தது, இல்லை என்று. பிறகு அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ யாரும்மா?"

இதற்கான பதிலை நான்கு நாட்களாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். நீளமான பதில், ஒவ்வொரு சொல்லும் கூர்தீட்டியது. இப்போது வாயில் வந்தது வேறு. "அந்தக் கோட்டு என் மகளுக்கு வாங்குனது."

அவர் எழுந்து வந்தார். மேசையருகே நின்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். புத்தகத்தைத் திறந்து பதினோராம் பக்கத்தைக் கண்டுபிடித்து, பனியைக் கோடிட்டு அடித்தார். வெயிலை அடித்தார். நிம்மதியை அடிக்கும்போது தாள் கிழிந்தது. எழுந்து போய்விடத்தான் சைராகுல் நினைத்தாள். ஆனால் அவர் ஓரத்து வெள்ளையில் 'ஓட்டுநர்' என்று எழுதி, அதையும் அடித்து, கீழே 'நான்' என்று எழுதியபோது, அவளையறியாமல் குனிந்து வாசித்தாள். அவர் மூச்சில் புகையிலை நாற்றம் அடித்தது. பேனா அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது. முனையிலிருந்து ஒரு நீலப்புள்ளி தாளில் ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது.