ஊசி கோக்கிற நேரம்

எல்லைச் சாவடியின் முதல் கதவு விடியற்காலை நாலரைக்கே திறந்துவிடும். லாரிகள் உறுமிக்கொண்டு உள்ளே வரும். பின்பலகை தடாலென்று விழும். சுமைக்காரர்கள் மூட்டைகளை இறக்கி வரிசையாகக் கிடத்துவார்கள். சுங்க அதிகாரி விரல் நீட்டுகிற மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்து, உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். பிரித்ததைத் தைப்பது பெண்கள் பாடு.

குனிந்த முதுகு குனிந்தபடி. மூட்டையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, சணலை எச்சில் தொட்டு முறுக்கி, கோணியூசியில் கோத்து, ஒரு மூட்டைக்குப் பன்னிரண்டு குத்து. உள்ளங்கையில் காய்ப்பு ஏறிப்போய், சுடுசோற்றை அள்ளினாலும் சூடு உறைக்காது. விடிந்து வெளிச்சம் வருவதற்குள் லாரிப் புகையால் துப்புகிற எச்சில் கறுத்துவிடும்.

"ஏ மின்னலு, கொஞ்சம் மெதுவாத்தான் மின்னேன். எங்களுக்குக் கண்ணு கூசுது" என்றாள் வெடுக்கு. பேச்சு வெடுக்கென்று இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பிரியம் இல்லை.

நெட்டச்சி தலை நிமிரவில்லை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் அவள் எப்போதும் நெட்டச்சிதான். மின்னல் என்பது இரண்டு மாதத்துக்கு முன்னால், சாவடியின் சுமை வேலையையும் தையல் வேலையையும் எடுத்திருந்த காண்ட்ராக்டர் வைத்த பெயர்.

அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி கையில் கடிகாரத்தோடு வந்திருந்தார். ஒரு லாரி எல்லையைத் தாண்ட மூன்று மணி நேரம் ஆகிறது, அதை ஒரு மணி நேரமாக்க வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று அளக்கப்போகிறோம் என்றார். காண்ட்ராக்டர் தையலுக்கு நெட்டச்சியைக் கைகாட்டினார். அவளோடு வேலை பார்த்த நாத்தனார், புருஷனின் தங்கை, அவள் காதோடு சொன்னாள்: "அண்ணி, நான் கோத்துக் கோத்துக் குடுக்கிறேன். நீங்க தைங்க. அசந்துபோகட்டும் எல்லாரும்."

டீ குடிக்கிற நேரத்தை விட்டுவிட்டு முப்பது ஊசிகளை அவள் கோத்து வைத்தாள். நெட்டச்சி முப்பது மூட்டையை இருபது நிமிஷத்தில் தைத்தாள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

"ஊசி கோக்கிற நேரம் தனியா இருக்குமே?" என்று அதிகாரி கேட்டார்.

"அதெல்லாம் கண் சிமிட்டுற நேரம் சார். இந்தம்மா மின்னல்!" என்றார் காண்ட்ராக்டர்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் இருந்தது. அந்த வாயால் அவள் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் கைதட்டிப் பாராட்டியதில்லை. அது காரணம்தான். ஆனால் நியாயமாகுமா?

அவளுடைய இருபது நிமிஷம் மறுவாரமே சட்டமாயிற்று. பதினொரு பேர் செய்த வேலைக்கு ஏழு பேர் போதும் என்று நாலு பெண்களை நிறுத்திவிட்டார்கள். தரையில் தைத்து முடிக்க நேரமில்லை என்பதால், மூட்டைகளைத் திரும்ப ஏற்றும்போதே லாரி மேல் ஏறி நின்று தைக்கச் சொன்னார் மேஸ்திரி. சாவடியின் வாசலில் பெரிய பலகை தொங்கியது. நேற்று எத்தனை லாரி, இன்று எத்தனை லாரி என்று.

வெடுக்கு கேலி செய்த அன்று காலையில் நாலாவது லாரியின் மேல் நாத்தனார் நின்றாள். கடைசி இரண்டு மூட்டை பாக்கி. மேஸ்திரி கீழே இருந்து விசிலை வாயில் வைத்தார்.

"இருங்கண்ணே, ஊசி கோத்துக்கிறேன்!" என்று அவள் கத்தினது நெட்டச்சியின் காதில் விழுந்தது. விசிலும் விழுந்தது. லாரி குலுங்கி நகர்ந்தது. கிளையிலிருந்து பழம் உதிர்வதுபோல் அல்ல, கல் விழுவதுபோல் விழுந்தாள் அவள். இடுப்பு மடங்கி, ஊசியை விடாமல் பிடித்தபடி கிடந்தாள்.

மதியம் காண்ட்ராக்டர் நெட்டச்சியை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அதுவரை அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை.

"இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. அந்தப் பொண்ணு யாரும் சொல்லாமலே மேல ஏறிட்டான்னு எழுதியிருக்கு."

"மேஸ்திரிதானே ஐயா ஏறச் சொன்னாரு."

"யாரு சொன்னா என்ன? ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிறேன். ஆனா விசாரணைன்னு வந்தா ஏலத்துல எடுத்த காண்ட்ராக்ட் கைவிட்டுப் போயிடும். அப்புறம் நானும் தெருவுல, நீங்களும் தெருவுல. பொம்பளைங்களுக்கு ஒரு மேஸ்திரி வேணும்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். உன்னைத் தவிர யாரு இருக்கா?"

"அவ என் வீட்டுப் பொண்ணுங்க."

"அதனாலதான் உன் கையெழுத்து. ஊரான் போட்டா யாரு நம்புவா?"

அவள் போட்டாள். எழுதத் தெரிந்ததே தன் பெயர் ஒன்றுதான். அதைக் கோணாமல் எழுதினாள்.

ஆஸ்பத்திரியில் நாத்தனாரின் காலைக் கயிறு கட்டித் தூக்கியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நெட்டச்சியின் புருஷன் தங்கையின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி வந்தாச்சா?" என்று அவள் கை நீட்டினாள். "டாக்டர் எப்படி விழுந்தேன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல சார், எங்க அண்ணி பக்கத்துலதான் நின்னாங்க, அவங்க உள்ளதைச் சொல்லுவாங்கன்னு சொல்லிட்டேன்."

நெட்டச்சி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போய், குழாயடியில் நின்று, முகத்தைக் கழுவினாள். கழுவிக் கழுவிப் பார்த்தாள். குழாய்க்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் தெரிந்த முகம் கண்ணுக்குக் கண் பார்க்க மறுத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அது வெறும் பேச்சில்லை என்று தோன்றியது. திரும்பி வந்து, புருஷன் காது கேட்க, நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னாள். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான். நாத்தனார் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட எதுக்கு அண்ணி சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் விடியலில் முதல் லாரி மூட்டைகளை இறக்கிவிட்டது. நெட்டச்சி ஊசியைத் தொடாமல் மற்ற ஐந்து பெண்களுக்கு முன்னால் நின்றாள். ஊசி கோத்துத் தந்தது யார் என்பதையும், தான் சிரித்ததையும், கையெழுத்தையும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அழுதால் இரக்கம் கேட்பதாகிவிடும் என்று பயந்தாள்.

வெடுக்கு அவள் முகத்துக்கு நேரே வந்தாள். "நாலு பேரு சோத்துல மண்ணு விழுந்ததே, அப்ப எங்கடி போச்சு இந்த வாய்?"

"தப்புதான்க்கா."

"தப்புன்னா தப்பு சரியாயிடுமா? உன்னை மன்னிக்க நான் இங்க வரல." வெடுக்கு மூச்சு வாங்கினாள். பிறகு தன் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள். "ஆனா நாளைக்கு மேல இருந்து விழப்போறது நான். அதுக்காக வரேன். நட."

ஆறு பேரும் நடந்தார்கள். சுமைக்காரர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "எங்களுக்கும் அதே கடிகாரம்தானே" என்று தோள்துணியை உதறிவிட்டுச் சேர்ந்துகொண்டார். பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

காண்ட்ராக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன கூத்து இது? வெளியில அறுபது லாரி நிக்குது!"

"நிக்கட்டுங்க" என்றாள் நெட்டச்சி. "நேத்து நான் போட்டது பொய்க் கையெழுத்து. மேஸ்திரி சொல்லித்தான் அவ மேல ஏறினா. அதை அதிகாரிகிட்டச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"பொய்க் கையெழுத்துப் போட்டா ஜெயிலு, தெரியுமில்ல?"

"தெரியாது. இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். போட வெச்சவருக்கு என்னன்னும் கேட்டுக்கிறேன்."

வெடுக்கு முன்னால் வந்தாள். "இனிமே தையல் தரையிலதான். ஊசி கோக்கிற நேரத்தையும் கணக்குல சேத்து, எங்க எல்லாரையும் வெச்சு மறுபடி அளங்க. நிறுத்தின நாலு பேரும் வரணும். விழுந்தவளுக்குச் சம்பளத்தோட வைத்தியம்."

"லாரி சீக்கிரம் போகணுமா வேண்டாமா? நாட்டுக்கே நஷ்டம்மா!"

"போகட்டுமே. யாரு வேணாம்னா? ரெண்டாவது கதவைத் திறக்கச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்குது. பேப்பர் பாக்குற ஜன்னல் மூணுல ரெண்டுல ஆளே இல்ல. அதையெல்லாம் விட்டுட்டு எங்க விரல்ல வந்து நேரத்தைப் பிடுங்குறீங்க."

சத்தம் கேட்டுச் சுங்க அதிகாரி வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், காண்ட்ராக்டரைப் பார்த்தார். "எழுத்துல குடுங்க, மேல அனுப்புறேன்" என்றார். அவர் குரலில் உறுதி ஒன்றும் இல்லை. சாவடியில் மூட்டை எடைபோடுகிறவர் காகிதத்தோடு முன்னால் வந்து எழுத உட்கார்ந்தார்.

வரிசையில் முதலில் நின்ற லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா தகராறு?" என்று கேட்டார். வெடுக்கு சொன்னாள். அந்தப் பலகையின் கணக்குக்காக அவரையும் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். விஷயம் போய்ச் சேர்ந்ததும் ஹாரன் நின்றது, அவர் எஞ்சினும் நின்றது. ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போக, அந்தச் சாவடியில் முதல்முறையாகக் குருவிச் சத்தம் கேட்டது.

நெட்டச்சி கூட்டத்தின் ஓரமாகத் தனியே நின்றாள். யாரையும் நிமிர்ந்து பார்க்க இன்னும் அவளால் முடியவில்லை.

"அங்க என்னடி தூணு மாதிரி நிக்கிற?" என்றாள் வெடுக்கு, தரையில் உட்கார்ந்தபடி. "எவ்வளவு நேரமாகுமோ யாரு கண்டா. வந்து உக்காரு." நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள்.