ரியேக்காவை எழுதாமல் விட்டவன்

அறுபத்தைந்து முடிந்ததும் ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டேன். பதினைந்து வருஷம் வேண்டும், உங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் எட்டு மாதம்தான் என்று பதில் வந்தது. முட்டி வீங்கிய காலோடு திரும்பவும் சிமென்ட் குழைக்கப் போனேன். இப்போது அறுபத்தேழு.

ரியேக்கா துறைமுகத்தில் கல் சுமந்த காலத்தை நான் விண்ணப்பத்தில் எழுதவே இல்லை. அப்போது ஒரே நாடு. இப்போது அது குரோஷியா, நாங்கள் போஸ்னியா. "அந்தப் பக்கத்துப் பேச்சையே எடுக்காத. அங்கயே போய் வாங்கிக்கோன்னு இங்க உள்ள வருஷத்தையும் வெட்டிடுவான்" என்று காப்பிக்கடையில் ஜெமால் சொல்லியிருந்தான். நாடு பிரிந்தபோது அந்தப் பக்கம் வங்கியில் போட்டதை இழந்தவர்கள் நாங்கள். நம்பினேன்.

மார்ச்சில் இரு நாட்டு ஓய்வூதிய அதிகாரிகளும் நகராட்சிக் கூடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வார்கள் என்று அறிவிப்பு வந்தது. மனைவி ஷெம்ஸா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் அதிகாரி ஸுல்ஃபோ தாளைப் புரட்டினார். "எழுபத்தொன்பதுலேர்ந்து எண்பத்தொண்ணு வரைக்கும் எங்க இருந்தீங்க பெரியவரே?"

"வீட்லதான். உடம்பு சரியில்ல."

ஷெம்ஸா சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த குரோஷிய அதிகாரி நெவென்காவிடம், "கேளுங்கம்மா, உடம்பு சரியில்லாத ஆளு, ரியேக்காலேர்ந்து ரேடியோவும் மீசையுமா வந்து என்னப் பொண்ணு கேட்டாரு" என்றாள்.

உள்ளதும் போச்சு என்று நினைத்தேன்.

நெவென்கா பிறந்த தேதியைக் கேட்டுக் கணினியில் தேடினார். "கம்பெனி உங்க பேர்ல ஒழுங்கா கட்டியிருக்கு. ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

"அப்ப இங்க உள்ள வருஷத்த வெட்டிடுவாங்களா?"

"யாரு சொன்னா? ரெண்டையும் கூட்டினா பதினஞ்சு தாண்டுது. இங்க உழைச்சதுக்கு இவங்க குடுப்பாங்க, அங்க உழைச்சதுக்கு நாங்க குடுப்போம். ஒப்பந்தம் இருக்கில்ல?"

"காப்பிக்கடைல கேட்டீங்களாக்கும்" என்றார் ஸுல்ஃபோ. "காலைலேர்ந்து நீங்க நாலாவது ஆளு."

புது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வெளியே வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"ஜூன் வரைக்கும்தான் வருவேன்."

"ஏன் ராகிப் அண்ணே, செத்துடப் போறீங்களா?"

"இல்லப்பா, உக்காரப் போறேன்."